ஐப்பசிக்கு முன் ஓர் ஊசி: பழவேற்காட்டுக் கரையில் ஃபுளூ தடுப்பூசி

ஃபுளூ காய்ச்சல் இந்தியா முழுக்க ஒரே மாதத்தில் வருவதில்லை. ஸ்ரீநகரில் அது குளிர்கால நோய். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் உச்சத்தைத் தொடும். டில்லி, புணே, கொல்கத்தா போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு வரும். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையைப் பிடித்துக்கொண்டு அக்டோபர், நவம்பரில் ஏறும். பல நகரங்களின் ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்த சளி மாதிரிகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் இதைத் தெளிவாக்கியது. மீஞ்சூர் ஒன்றியத்துக்குள் வரும் பழவேற்காட்டு மீனவ ஊர்களில் ஃபுளூ ஊசி போடுவதா வேண்டாமா என்று பேசத் தொடங்குமுன் இந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கைபேசிக்கு வரும் அறிவுரைகள் சில அமெரிக்கக் குளிர்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சில வட இந்தியாவின் ஜூலை மாதத்தை. நம் கரையின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கு இங்கே வயிற்றுப்பாட்டோடு நேராக மோதுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கும். மணல் மூடிக் கிடந்த முகத்துவாரம் திறந்துகொண்டால் கடல்நீரும் ஏரிநீரும் கலக்கும். இறால், மடவை, நண்டு என்று வலைக்கு வேலை வரும். பாடு முறைப்படி ஏரியில் வலை விடும் குடும்பங்களுக்கு முறை நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு ஆள் போர்வைக்குள் சுருண்டுவிட்டால் அந்த நாள் வருமானம் போனதுதான். ஃபைபர் படகில் தோளோடு தோள் உரச நான்கைந்து பேர் போகிறார்கள். ஒருவருக்கு இருமல் என்றால் வாரத்துக்குள் மற்றவர்களுக்கும் உண்டு. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்த பெண்கள் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் போகிறார்கள். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஏறி வடசென்னைக்குப் போகிறவர்களும் உண்டு. மழைக்காலத்தில் புயல் வேறு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் வெள்ளத்தில் நிறுத்தியது. அப்படிப்பட்ட நாட்களில் பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் ஒதுங்க வேண்டியிருக்கிறது. ஃபுளூ கிருமிக்கு வேண்டியதெல்லாம் இப்படிப்பட்ட நெருக்கம்தான்.

சாதாரணச் சளியையும் ஃபுளூவையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் இந்த ஊசியை அலட்சியம் செய்கிறார்கள். சளி மெதுவாகப் பிடிக்கும், மூக்கோடு போகும். ஃபுளூ வந்த நேரத்தைச் சொல்லிவிடலாம்: காலையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் மாலைக்குள் குளிர் நடுக்கத்தோடும் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலியோடும் படுப்பார். வறட்டு இருமல், தொண்டை எரிச்சல், தலைவலி. காய்ச்சல் நான்கைந்து நாளில் இறங்கினாலும் இருமலும் அசதியும் இரண்டு வாரம் வரை நீளும். திடகாத்திரமானவர்களில் மிகப் பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுவார்கள். வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், இதயமோ நுரையீரலோ சிறுநீரகமோ ஏற்கெனவே பழுதானவர்கள் ஆகியோருக்குத்தான் அது நிமோனியாவாகவும் மாரடைப்பாகவும் திரும்புகிறது.

இந்தக் கரைக்கு இந்த நோயோடு பழைய தொடர்பு உண்டு. 1918-இல் பம்பாயில் இறங்கிய பெருங்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சென்னை மாகாணமும் தப்பவில்லை. அடுத்த பெரிய அலை நம் வாசல் வழியாகவே வந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடு ‘ஆசியக் காய்ச்சல்’ இந்தியாவுக்குள் நுழைந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுயன்சா மையம் அதைத் தொடர்ந்து கவனித்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கு மேல். பதிவான இறப்புகள் ஆயிரத்தைத் தாண்டின. அன்று சென்னைக்கு ஒரு துறைமுகம். இன்று மீஞ்சூர் பக்கத்திலேயே எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. அவற்றின் லாரிகளும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் நம் ஊர்க் கடைத்தெருவில்தான் டீ குடிக்கிறார்கள்.

2009-இல் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று பெயர் வாங்கிய எச்1என்1 வகை வந்தது. அதன்பின் அது போகவே இல்லை, வருடந்தோறும் வரும் ஃபுளூக்களில் ஒன்றாகிவிட்டது. 2015-இல் நாடு முழுக்க 42,592 பேருக்கு அது உறுதியானது, 2,990 பேர் இறந்தார்கள். 2017-இல் 38,811 பேருக்கு வந்து 2,270 பேர் இறந்தார்கள். 2023 தொடக்கத்தில் எச்3என்2 வகை பரவியபோது தமிழக அரசு மார்ச் 10 அன்று ஒரே நாளில் 1000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. மேலே உள்ள எண்கள் எல்லாம் மருத்துவமனைக்குப் போய், சளி மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் உறுதியானவை மட்டுமே. கூனங்குப்பத்திலோ அரங்கங்குப்பத்திலோ சர்க்கரை நோயுள்ள எழுபது வயதுப் பெரியவர் மழைக்காலத்தில் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து மூச்சு திணறி இறந்தால், ‘வயசாயிடுச்சு’ என்று ஊர் சொல்லும், ‘மாரடைப்பு’ என்று சான்றிதழ் சொல்லும். ஃபுளூ எந்தக் கணக்கிலும் ஏறாது. இப்படி மறைந்துபோகும் இறப்புகளையும் சேர்த்து மதிப்பிட முயன்ற ஆய்வு ஒன்று, 2010 முதல் 2013 வரையிலான காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,27,000 சுவாச, இரத்த ஓட்ட நோய் இறப்புகளில் இன்ஃபுளுயன்சாவுக்குப் பங்கிருந்ததாகக் கணித்தது. மதிப்பீடுதான், ஆனாலும் ஆய்வகக் கணக்கைப் போலப் பல மடங்கு.

இனி ஊசிக்கு வருவோம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். போட்டால் வரவே வராது என்பது பொய். போட்டும் பயனில்லை என்பதும் பொய். கிருமியும் ஊசியும் நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில் ஆபத்து 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. பொருந்தாத ஆண்டுகளில் அதற்கும் கீழே. எச்3என்2 வகைக்கு எதிராகப் பாதுகாப்பு பெரும்பாலும் குறைவாகவே கிடைக்கிறது. மருத்துவச் சான்றுகளை ஆராயும் காக்ரேன் குழு 2018-இல் உலகின் சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். திடமான 1000 பேருக்கு ஊசி போடாவிட்டால் ஒரு பருவத்தில் சுமார் 23 பேருக்கு உண்மையான ஃபுளூ வரும். போட்டால் 9 பேருக்கு. அதாவது 71 பேருக்குப் போட்டால் ஒருவர் தப்பிக்கிறார். முதியவர்களில் 1000 பேருக்கு 60 என்றிருப்பது 24 ஆகிறது. சுமார் 30 பேருக்குப் போட்டால் ஒருவர் தப்பிக்கிறார். முதியவர்களைப் பற்றிய சோதனைகள் குறைவு, உறுதியும் குறைவு என்பதையும் அந்தக் குழுவே சொல்லியிருக்கிறது.

முப்பது வயதுப் படகுக்காரர் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ‘எனக்கு வேண்டாம்’ என்றால் அவரை அறியாமையில் இருப்பவர் என்று சொல்ல மாட்டேன். தனியார் மருத்துவமனையில் ஒரு ஊசிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகும். பல இடங்களில் இரண்டாயிரத்தையும் தாண்டும். அந்தப் பணத்துக்கு அவர் டீசல் போடுவதோ பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதோ நியாயமான முடிவுதான். ஆனால் அதே வீட்டில் அவருடைய மனைவி ஆறு மாதக் கர்ப்பம், அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு ஒரு முறை நெஞ்சுவலி வந்து ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்துத் திரும்பியிருக்கிறார்கள் என்றால், அந்த மூவருக்கும் கணக்கு அடியோடு மாறுகிறது. ஒரு வீட்டுக்கு ஒரே பதில் கிடையாது.

கர்ப்பிணிகளிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கேதான் சான்று வலுவாக இருக்கிறது. ஃபுளூ ஊசியை ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் போட முடியாது. அந்த ஆறு மாதமும் குழந்தையைக் காக்க ஒரே வழி, தாய்க்குப் போட்டு அவள் இரத்தத்தின் வழியே எதிர்ப்புச் சக்தியைக் குழந்தைக்கு அனுப்புவதுதான். வங்கதேசத் தலைநகர் டாக்காவில் 340 தாய்மார்களைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2008-இல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஃபுளூ ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு, ஆய்வகத்தில் உறுதியான ஃபுளூ 63 சதவீதம் குறைந்தது. காய்ச்சலோடு வரும் சுவாச நோய்களும் சுமார் 30 சதவீதம் குறைந்தன. டாக்கா நம்மைப் போலவே வெக்கையும் மழையும் நெரிசலும் உள்ள ஊர் என்பதால் இந்த எண்களை நம் கரைக்குப் பொருத்திப் பார்ப்பதில் தயக்கம் இல்லை. நேபாளத் தராய்ப் பகுதியில் பின்னர் நடந்த பெரிய சோதனையில் குழந்தைகளின் ஃபுளூ 30 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் பிறப்பு எடை சராசரியாக 42 கிராம் கூடியது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் குறைந்தார்கள். 1918-லும் சரி, 2009-லும் சரி, கர்ப்பிணிகளை ஃபுளூ தனியாகப் பார்த்துத் தாக்கியது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் கர்ப்பிணிகளையும் நோயாளிகளோடு நெருங்கிப் பழகும் சுகாதாரப் பணியாளர்களையும் முன்வரிசையில் வைக்கிறது. மாதா மாதம் செக்கப்புக்குப் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பெண், ரணஜன்னி ஊசி போடும் அன்றே ‘சிஸ்டர், ஃபுளூ ஊசி இருக்குதா?’ என்று கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது இதயமும் சர்க்கரையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். மீனவ ஊர்கள் இதற்கு விலக்கு என்று நினைத்த காலம் மலையேறிவிட்டது. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு அங்கேயே ஃபுளூ ஊசி போட்டுப் பார்த்த சோதனை ஒன்று 8 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியானது. வங்கதேசமும் அதில் உண்டு. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 100-க்கு 5 பேர். போட்டவர்களில் 3 பேர். கொரோனா குறுக்கிட்டதால் அந்தச் சோதனை திட்டமிட்ட அளவுக்கு முன்பே நின்றது என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும். இதயம் பலவீனமானவர்களைக் கொண்டு இந்தியாவும் பங்கெடுத்த இன்னொரு பெரிய சோதனையில் இதய இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றை மொத்தமாகப் பார்த்தபோது தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நிமோனியா ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: மாரடைப்பு வந்து பிழைத்தவருக்குத் தினமும் விழுங்கும் மாத்திரைகளோடு வருடத்துக்கு ஒரு முறை இந்த ஊசியும் சேர வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை நம் நாட்டிலேயே நல்ல சோதனை நடந்திருக்கிறது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 2009 முதல் மூன்று ஆண்டுகள், ஆறு மாதம் முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். முதல் ஆண்டில் பாதுகாப்பு கால் பங்குதான். மூன்றாம் ஆண்டில் முக்கால் பங்கை நெருங்கியது. ஊசி ஒன்று, ஆண்டுகள் மூன்று, பலன் மூன்று விதம். இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. கையில் பணம் இருந்தால் போடலாம். ஆஸ்துமா, பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் கடன் வாங்கியாவது போடலாம். இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம்: ஃபுளூவுக்குப் பின்னால் வந்து உயிரை எடுக்கும் நிமோனியாக் கிருமிகளில் முக்கியமான ஒன்றுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி 2021 முதல் தமிழ்நாட்டில் கைக்குழந்தைகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் தவறாமல் போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துக்கொள்வது முதல் வேலை.

ஆண்டுதோறும் ஏன் போட வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அம்மைக்கும் போலியோவுக்கும் சிறுவயதில் போட்டதோடு முடிந்ததே என்கிறார்கள். ஃபுளூ கிருமி தன் மேலுறையை ஓயாமல் மாற்றிக்கொள்கிறது. அதோடு ஊசியால் வரும் எதிர்ப்புச் சக்தியும் சில மாதங்களில் இறங்கத் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் உலகெங்கும் ஆய்வகங்களின் வலைப்பின்னல் ஒன்றை நடத்துகிறது. எந்த வகைகள் அடுத்து வரக்கூடும் என்பதை ஆண்டுக்கு இரண்டு முறை முடிவு செய்கிறார்கள்: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். கடைக்கு ஊசி வர அதன்பின் ஆறு மாதம் ஆகும். இந்த ஏற்பாட்டில் அண்மையில் நடந்த மாற்றம் ஒன்று நம் பையைத் தொடுகிறது. ஊசியில் இருந்த நான்கு வகைகளில் ஒன்றான பி-யமகட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ஆகவே ‘இது நாலு வகைக்கான ஊசி, ஒசத்தி’ என்று கூடுதல் விலை சொன்னால் அதற்கு இப்போது பொருளில்லை. மூன்று வகைக்கான ஊசி போதும்.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2008 ஏப்ரலில் இதே மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு பச்சைக் குழந்தைகள் இறந்தன. தாய்மார்கள் கதறியதைத் தொலைக்காட்சியில் மாநிலமே பார்த்தது. அதன்பின் கிராமம் கிராமமாகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடும்படி அரசு மாற்றியது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் ஏரிக்கு அக்கரையில், தீவுபோல் ஒதுங்கிக் கிடக்கும் குப்பங்களில் இருப்பவர்களுக்கு அதனால் ஊசி இன்னும் தொலைவாகிப்போனது. அடுத்த அடி 2021-இல் விழுந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊரறியக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17 அன்று மறைந்தார். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு அக்டோபரில் அறிவித்தபோது, தமிழ்நாட்டில் அதை எத்தனை பேர் காதில் வாங்கினார்கள்? மரணம் ஒரே நாளில் ஊரெல்லாம் பரவியது, விளக்கம் ஆறு மாதம் கழித்து வந்தது. இன்றும் ‘ஊசி’ என்றதும் விவேக் பெயரைச் சொல்லும் மனிதரை முட்டாள் என்று தள்ளுவது அநியாயம். அவருக்குச் சேர வேண்டிய பதில் சேரவில்லை.

ஃபுளூ ஊசியைப் பொறுத்தவரை அந்தப் பதில் தெளிவானது. கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமியின் துணுக்குகள். அதனால் ஃபுளூ வராது. போட்ட இடத்தில் வலி, ஒரு நாள் அல்லது இரண்டு நாள் உடம்பு வெதுவெதுப்பு, அசதி ஆகியவை பலருக்கு வரும். நரம்பைப் பாதித்துக் கைகால் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே என்னும் நோய், சில ஆண்டுகளில் பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்குக் கூடுதலாக வந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஃபுளூ நோயே அதை உண்டாக்கக்கூடியது. முட்டை அலர்ஜி உள்ளவர்கள் போடக்கூடாது என்ற பழைய தடையை இப்போது பல நாடுகள் எடுத்துவிட்டன. முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பது யாருக்கும் நல்லது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. காய்ச்சல் வந்துவிட்டால் ‘ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்குக் கடலுக்குப் போகணும்’ என்று நம் ஆட்களே கேட்டு வாங்குகிறார்கள். கிளினிக்கில் அந்த ஊசிக்கும் கலர் மாத்திரைக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் சேர்த்து முந்நூறு, நானூறு ஆகிவிடும். ஃபுளூ கிருமியை ஆன்டிபயாட்டிக் தொடாது. அதைத் தொடுகிற மருந்து ஒசல்டாமிவிர். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் பலன் அதிகம், ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்குத்தான் அது முக்கியமாகத் தேவை. ஒரு மழைக்காலத்தில் ஒரு குடும்பம் இப்படி நான்கைந்து முறை கிளினிக் ஏறும் செலவைக் கூட்டினால் தடுப்பூசி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் குடிப்பவர்கள் குடிக்கட்டும். ஊசியின் இடத்தை அவை நிரப்பாது.

இருமல் எல்லாம் ஃபுளூவும் அல்ல. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் மீஞ்சூரை ஒட்டியே இருக்கின்றன. சாம்பலும் நிலக்கரித் தூசியும் படிந்த காற்றை வருடம் முழுக்கச் சுவாசிப்பவர்களின் நுரையீரலில் ஃபுளூ விழுந்தால் பாதிப்பு கூடும். அந்தத் தூசிக்கு எந்த ஊசியும் மாற்றல்ல, அது வேறு போராட்டம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஃபுளூ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்காமல் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பறவைக் காய்ச்சலும் வேறு நோய். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் கோழிகளுக்கு அது வந்தது. ஏரிக்கு வலசை வரும் பறவைகளைப் பார்த்து நம்மவர்கள் பயந்தார்கள். பருவ ஃபுளூ ஊசி அதைத் தடுக்காது. செத்த பறவையை வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்வதுதான் அதற்கு வழி.

எல்லாம் சொன்னபின்பும் விலை அப்படியே நிற்கிறது. ஃபுளூ ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. சேர்க்காததற்குச் சொல்லப்படும் காரணங்கள் வெறும் சாக்குப்போக்கு அல்ல: ஆண்டுதோறும் வாங்க வேண்டும், பலன் ஆண்டுக்காண்டு மாறும், நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் பருவம் வேறு. ஆனால் எல்லோருக்கும் போடுவதா ஒருவருக்கும் போடாமல் விடுவதா என்ற இரண்டே வழிதானா இருக்கிறது? மகாராஷ்டிரம் 2015-இல் கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாகப் போடத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு அதைவிட வசதி அதிகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்ணின் பையில் ஒரு பதிவேடு இருக்கிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இரத்த அழுத்தம், எந்த வீடு, என்ன வயது என்று அதில் எழுதியிருக்கிறது. ஃபுளூ ஊசி யாருக்கு முதலில் வேண்டும் என்று தனியாகக் கணக்கெடுக்கவே தேவையில்லை. அந்தப் பதிவேடே அதற்கான பட்டியல். கர்ப்பிணிகளின் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கினால் தனியார் கடை விலையில் அரசு வாங்க வேண்டியிருக்காது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் மிச்சம். வீட்டுக்கு வீடு படியேறும் அந்தப் பெண்களுக்கும் செவிலியர்களுக்கும் முதல் ஊசி போக வேண்டும். இருமும் வீடுகளுக்குள் தினமும் நுழைகிறவர்கள் அவர்கள்தான்.

இப்படி அரசே போட வந்தால் வாசலில் நடக்கப்போகும் பேச்சை என்னால் இப்போதே சொல்ல முடியும். ‘நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்குமா ஊசி?’ என்பார் ஆயா. ‘ஆயா, காய்ச்சலுக்கு இல்ல, மழைக்கு முன்னாடி போட்டுக்கிறது. சக்கரை இருக்கிறவங்களுக்குக் காய்ச்சல் வந்தா தாங்காது. கை ஒரு நாள் வலிக்கும், அவ்ளோதான்’ என்று சொல்ல ஒருவருக்குப் பொறுமை வேண்டும். இரண்டு வருடமாகத் தன் சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கும் பெண் சொன்னால் ஆயா கேட்பார். ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ சொன்னால் கேட்க மாட்டார்.

பணம் கொடுத்துப் போடுகிறவர்கள் மாதத்தையும் பெட்டியையும் பார்க்க வேண்டும். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு முழுதாக வரும்; சில மாதங்களில் குறையவும் தொடங்கும். நம் கரைக்கு உகந்த நேரம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். வட இந்தியாவைப் பார்த்து ஏப்ரலில் போட்டால், நமக்குத் தேவைப்படும் நவம்பரில் அதன் வேகம் இறங்கியிருக்கும். ஊசி போடுமுன் பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த ஆண்டுக்கு, எந்த அரைக்கோளத்துக்குத் தயாரித்தது என்று அதில் அச்சிட்டிருக்கும். காலாவதித் தேதியும் இருக்கும். போன பருவத்து மிச்சத்தைத் தள்ளிவிடப் பார்க்கும் கடைகள் உண்டு. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மீன் ஐஸ் பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று மருந்துக்கடையில் பார்சல் கட்டி வாங்காதீர்கள். குளிர்பெட்டி இருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. ஆகவே அவர்களுக்கு ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, முகத்துவாரம் தூர்வாருதல் என்று தீர்மானங்கள் எழுதும்போது, ஊராட்சியில் உள்ள கர்ப்பிணிகளுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் உள்ள முதியவர்களுக்கும் செப்டம்பருக்குள் ஃபுளூ ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டுக்கொள்கிறோம் என்று ஒரு தீர்மானம் சேர்க்கலாம். எத்தனை பேர் என்ற எண்ணையும் எழுத வேண்டும், அப்போதுதான் மாவட்டத்திலிருந்து கேட்டு வாங்க முடியும். மகளிர் சுயஉதவிக் குழுவினர் எழுந்து படித்தால் இன்னும் நல்லது. அக்டோபர் 2 கூட்டத்துக்குத் தள்ளிவைத்தால் மருந்து வந்து சேர்வதற்குள் மழை தொடங்கிவிடும்.